நாலாம் பலகை

காலை ஒன்பது பத்துக்கு ஜெயரூபனும் பக்கத்து வீட்டு டினேசும் கராஜுக்குள்ளிருந்து பலகையை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஏழடி நீளம். நடுப்பகுதி ஆட்கள் இருந்து இருந்து வழுவழுத்துப்போயிருந்தது. ஒரு மூலையைக் கறையான் தொட்டிருந்தது.

"என்னண்ணை இது, பிணப்பாரம் பாரிக்குது" என்றான் டினேஸ். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முதிரை மரம்."

"ஐயாவின்ரை தட்டிவானிலை கிடந்ததோ?"

"ஓம்."

செத்தவீட்டுக்கு வாடகைக்கு எடுத்த எண்பது கதிரைகளும் எட்டு மணிக்கே நிரம்பிவிட்டிருந்தன. சந்தைக்காரர், மினிபஸ்காரர், ஓட்டோக்காரர் என்று கொடிகாமத்தில் ஓடுகிற, விற்கிற அரைவாசிப்பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களை நிற்கவைக்கக்கூடாது என்று மனைவி குணலட்சுமி சொன்னாள். அப்போதுதான் ஜெயரூபனுக்குப் பலகையின் நினைவு வந்தது. வந்தவுடன் வேண்டாம் என்றும் தோன்றியது. அதற்குள் டினேஸ் கராஜைத் திறந்துவிட்டான்.

பலகை குப்புறக் கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் உளியால் வெட்டிய நாலு கோடுகள் வெயிலில் தெரிந்தன. டினேஸ் விரலால் தடவினான்.

"இதென்ன கோடு?"

"அடையாளம். பிரட்டு."

தேங்காய் ஏற்றும் நாட்களில் அப்பா ஓட்டிய தட்டிவானின் இருக்கைப் பலகைகளைக் கழற்றிவிடுவார்கள். திரும்பப் பூட்டும்போது மாறிவிடக்கூடாது என்று அப்பா ஒவ்வொன்றின் அடியிலும் அதன் இலக்கத்தை வெட்டியிருந்தார். முன்னாலிருந்து பின்னுக்கு, ஒன்று முதல் நாலு வரை. இரண்டாயிரமாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து தென்மராட்சிச் சனம் முழுக்க ஓடினபோது வான் வளவிலேயே நின்றது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வான் இல்லை. இஞ்சின் இல்லை, சில்லு இல்லை, மற்ற மூன்று பலகைகளும் இல்லை. இது மட்டும் கிணற்றடியில் கிடந்தது. யாரோ உடுப்புத் தோய்க்கப் போட்டிருந்தார்கள்.

இருவரும் அதைப் பந்தலின் ஓரத்தில் இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் வைத்தார்கள். கோடுகள் கீழே போயின. குணலட்சுமி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். துடைத்து முடிய முன்னமே இரண்டு பேர் வந்து அதில் இருந்தார்கள்.

உள்ளே கூடத்தில் அப்பா நமசிவாயம் பெட்டிக்குள் வேட்டி சால்வையோடு படுத்திருந்தார். எண்பத்து நாலு வயது. எட்டு மாதம் பாயோடு கிடந்தவர். கடைசி நாட்களில் கதை இல்லை, ஆளைத் தெரியவில்லை. இடது கால் மட்டும் மெல்ல அமத்தி மெல்ல எழும்பியபடி இருந்தது. டொக்டர் அதை நரம்பு என்றார். கிளச் என்று ஜெயரூபனுக்குத் தெரியும். நேற்று விடியப்புறம் அந்தக் கால் நின்றது.

*

வீட்டில் நடந்த சாவு. விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், அறிக்கை இல்லாமல் பதிய முடியாது. நேற்று ஞாயிறு, கந்தோர் பூட்டு. ஜெயரூபன் அவருடைய வீட்டைத் தேடிப் போனான்.

ரயில் கடவைக்கு அங்கால், வயற்கரை ஒழுங்கையில் கடைசி வீடு. அந்த ஒழுங்கைக்குள் அவனுடைய குடும்பத்தில் யாரும் விருந்துக்குப் போனதில்லை. வயலில் அரிவு வெட்ட ஆள் வேண்டுமென்றால் அப்பா ஒழுங்கை முகப்பில் சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். ஆட்கள் வெளியே வருவார்கள். இப்போது ஒழுங்கைக்குத் தார் போட்டிருந்தது. வீட்டுக்கு ஓடு போட்டு, முன்னுக்கு விறாந்தை எடுத்திருந்தார்கள்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ" என்று பிரதீபா கதிரையை இழுத்து வைத்தாள். நாற்பது தாண்டியிருக்கும். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த விதானையார் இந்த ஒழுங்கைப் பிள்ளை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான்.

அவன் கதிரையில் இருந்தான். யோசிக்காமல் இருந்தான்.

"முழுப்பேர்?"

"கதிர்காமர் நமசிவாயம்."

"தொழில் என்னெண்டு போடுறது?"

"சாரதி எண்டு போடுங்கோ."

பின்பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வெங்காயச் சுளகோடு வந்தார். கால்கள் வீங்கியிருந்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் பிள்ளை?"

"தட்டிவான் ஐயாவின்ரை மகன் அம்மா. ஐயா விடிய மோசம் போட்டாராம்."

அவர் ஜெயரூபனைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவனுக்கு ஆளைத் தெரிந்தது. சிவக்கொழுந்து. சந்தையில் ஒடியலும் பனங்கிழங்கும் விற்ற சிவக்கொழுந்து.

"நீர்தானே கொண்டக்டரா நிண்டது?"

"ஓம்."

"எப்ப எடுக்கிறியள்?"

"நாளைக்கு. பன்னிரண்டு மணி போலை."

"பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி போடு. விடியத் தொடக்கம் ஒண்டும் குடிச்சிருக்காது."

உண்மைதான். அவன் ஒன்றும் குடித்திருக்கவில்லை. பிரதீபா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். அவன் இரண்டு மிடறு குடித்தான். பிறகு நேரமாகுது என்றான். அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான். கிளாசில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. சிவக்கொழுந்து கிளாசைப் பார்ப்பதைக் கண்டான்.

வீட்டுக்கு வந்ததும் குணலட்சுமி கூடத்துக் கதவடியில் அவனை நிறுத்தி மெல்லக் கேட்டாள்.

"அங்கை தண்ணி வென்னி ஏதும் குடிச்சனியளோ?"

"இல்லை."

"ச்சா, சும்மா கேட்டனான்."

*

பின்னேரம் முத்துக்குமாரு மாஸ்டர் வந்தார். அப்பாவைவிட எட்டு வயது இளையவர். பென்சன் எடுத்த பிறகு ஊர் வரலாறு சேர்க்கிறார். கோயில் விழா மலர்களில் எழுதுவார். நாற்பது வருடம் தட்டிவானிலும் பிறகு பஸ்ஸிலும் பள்ளிக்கூடம் போய்வந்தவர்.

"ஜெயம், நாளைக்குப் பேசுறதுக்கு எனக்கு ஒரு துண்டிலை குறிப்பு எழுதித் தா. பிறந்தது, கலியாணம் முடிச்சது எல்லாரும் சொல்லுவினம். நான் இந்தப் பட்டினம் எப்பிடி ஓடினதெண்டு சொல்லப்போறன். உன்ரை கொப்பற்றை கதையெண்டால் றோட்டின்ரை கதைதானே."

இரவு அவன் கொப்பித் தாளில் எழுதினான். எந்த வருடம் வான் வாங்கியது. எந்த வருடம் பருத்தித்துறை றோட்டில் எத்தனை தட்டிவான் ஓடியது. ரயில் நின்றது, டீசல் நின்றது, மண்ணெண்ணெயில் ஓடியது. இடப்பெயர்வு. எழுதி முடிய அடியில் இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. யாரும் கேட்கவில்லை. அவனாகவே எழுதினான்: அவருடைய வானில் எல்லோருக்கும் இடமிருந்தது.

வாசித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது. அப்படியே விட்டான்.

*

பதினொரு மணிக்குக் குருக்கள் கிரியையைத் தொடங்கினார். பெட்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயரூபன் தலையில் தண்ணீர் வார்த்து, ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பையோடு நின்றான். சுண்ணம் இடித்தார்கள். பெண்கள் சுற்றி வந்து அழுதார்கள். வேலியோரம் பறை மேளகாரர் நால்வர் நிலத்தில் குந்தியிருந்து சிரட்டை நெருப்பில் மேளத்தைக் காய்ச்சினார்கள். கனடாவிலிருக்கும் அவனுடைய மகள் கீர்த்திகாவுக்காக ஒரு கைபேசியைத் தடியில் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

வாய்க்கரிசி போடும்போது குணலட்சுமி அவனருகில் வந்தாள்.

"இஞ்சருங்கோ, விதானையார் வந்திருக்கிறா. அவவுக்கு ஒரு கதிரை குடுக்கச் சொல்லுங்கோ." பிறகு சொன்னாள், "தாயும் வந்திருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான். படலையடியில், கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்குக் கீழே இருவரும் நின்றார்கள். பிரதீபாவின் கையில் ஹெல்மெற். சிவக்கொழுந்து வெள்ளைச் சேலையில் நின்றபடியே பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார். டினேஸ் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனான். ஒன்று. பிரதீபா அதைத் தாய்க்குப் பின்னால் வைத்தாள்.

"இருங்கோ அம்மா."

"நான் நிக்கிறன். உனக்குத்தானே தந்தது, நீ இரு."

பிரதீபா இருக்கவில்லை. கதிரை இருவருக்கும் நடுவில் வெறுமனே நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெயரூபனின் மச்சான் ஒருவர், யாருக்கும் தேவையில்லைப் போலும் என்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

டினேஸ் திரும்பி வந்து ஜெயரூபனின் காதில் சொன்னான்.

"அந்த ஆச்சி சொல்லுது, ஐயா ஒருக்கா தன்னையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரி வாசலிலை கொண்டுபோய் இறக்கிவிட்டவராம். அதுதான் முகத்தைப் பாப்பமெண்டு வந்ததாம். மெய்யோ அண்ணை?"

"ஓம்" என்றான் ஜெயரூபன். கையிலிருந்த அரிசி ஈரத்தில் ஒட்டியிருந்தது. உதறினான்.

*

மெய்தான்.

எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகை. அவனுக்கு இருபது வயது. பள்ளிக்கூடச் சோதனை சரிவராமல் அப்பாவின் வானில் கொண்டக்டராக நின்றான்.

முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார்: "காசு வாங்கிறது மூண்டு நாளிலை பழகிப்போம். ஆளைப் பாத்து ஏத்திறதுதான் வேலை." அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை. முதலாம் பலகை மாஸ்டர்மாருக்கும் கந்தோர்க்காரருக்கும். இரண்டும் மூன்றும் தோட்டக்காரருக்கு. நாலாம் பலகையில் மீன்கடகத்தோடும் மரக்கறிச் சாக்கோடும் வருகிறவர்கள். அதற்குப் பிறகு தட்டி. வானின் பின்பக்கத்தில் சங்கிலியில் தொங்குகிற பலகை, கூரை இல்லை. சாதியில் கீழே என்று ஊர் வைத்திருந்தவர்கள் அதில்தான். காசு எல்லாருக்கும் ஒன்று. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அவர்களாகவே வந்து தட்டியில் ஏறுவார்கள். அவர்களாகவே ஏறியபடியால் அதை ஒரு விதி என்று யாரும் நினைக்கவில்லை. அவனும் நினைக்கவில்லை.

அன்றைக்கு மழை. சந்தை கூடவில்லை. வானில் ஒருவருமில்லை. சிவக்கொழுந்து துணியில் சுற்றிய குழந்தையோடு ஓடி வந்து ஏறினாள். தட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதைத் தாண்டி உள்ளே வந்து நாலாம் பலகையின் ஓரத்தில், அரைவாசி உடம்பை வைத்து இருந்தாள். அவன் பார்த்தான். அப்பா கண்ணாடியில் பார்த்தார். வான் வெளிக்கிட்டது.

அடுத்த தரிப்பில் முத்துக்குமாரு மாஸ்டர் ஏறினார். குடையை மடக்கினார். உள்ளே பார்த்தார். முதலாம் பலகை வெறுமை. இரண்டும் மூன்றும் வெறுமை. அவர் மிதிபலகையிலேயே நின்றார்.

"இருங்கோ மாஸ்டர்."

"பறவாயில்லைத் தம்பி, நிக்கிறன்."

சிரித்த முகத்தோடுதான் சொன்னார். மழை அவருடைய தோளில் அடித்தது. அப்பா கியரைப் போடவில்லை. இஞ்சின் நின்ற இடத்தில் இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அப்பாவின் கண்கள் இருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன.

"எழும்பு" என்றான் ஜெயரூபன்.

அவள் நிமிர்ந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் தம்பி. அங்கை தண்ணி நிக்குது."

"எழும்படி."

அவனைவிட எட்டு வயது மூத்தவள். எழும்பினாள். தட்டியில் போய், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் மேல் குனிந்து இருந்தாள். அவன் ஒரு வெறுஞ்சாக்கை எடுத்து அவளுடைய தலைக்கு மேல் போட்டான். மாஸ்டர் முதலாம் பலகையில் இருந்து சட்டையின் ஈரத்தைத் தட்டினார். அப்பா கியரைப் போட்டார்.

பல வருடம் அவன் அந்தச் சாக்கைத்தான் நினைவில் வைத்திருந்தான்.

வடமராட்சிக்குள் போனதும் அப்பா வழமையான சந்தியில் நிறுத்தவில்லை. வானை உள்ளே திருப்பி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் இறங்கிப் போகும் மட்டும் நின்றார். அவளிடம் காசு வாங்கவேண்டாம் என்று கையால் காட்டினார். அதைப் பற்றியும் பிறகு அப்பா கதைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. குழந்தை பிழைத்ததா என்றுகூட அவன் யாரிடமும் கேட்டதில்லை. நேற்று அந்தக் குழந்தைதான் அவனுக்குக் கதிரையை இழுத்து வைத்தது. அப்பாவின் தொழிலை எழுதியது.

*

முத்துக்குமாரு மாஸ்டர் ஒலிவாங்கியை வாங்கினார். கொப்பித் தாளைக் கையில் வைத்திருந்தார். பார்க்கவில்லை, பாடமாக்கியிருந்தார்.

"அன்பான உறவுகளே. இந்தப் பட்டினத்துக்கு முதலில் வந்தது மாட்டு வண்டில். பிறகு ரயில். ரயில் வந்த பிறகுதான் கொடிகாமம் பெரிய சந்தையாகியது. எங்கள் தேங்காயும் பலாப்பழமும் கொழும்பைக் கண்டது ரயிலால். ஆனால் அந்தத் தேங்காயை ரயிலடிக்குக் கொண்டுவந்தது எது? கடலும் வயலும் தாண்டி வடமராட்சிச் சனத்தை இந்தச் சந்தைக்குக் கொண்டுவந்தது எது?"

"தட்டிவான்" என்றார் பின்னாலிருந்து ஒரு சந்தைக்காரர். சிலர் சிரித்தார்கள். செத்தவீடு என்ற நினைவு வந்து நிறுத்தினார்கள்.

"தட்டிவான்தான். தொண்ணூறில் ரயில் நின்றது. தண்டவாளம் போனது, சிலிப்பர் கட்டை போனது. தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. டீசல் இல்லை, பஸ் இல்லை. நமசிவாயத்தார் மண்ணெண்ணெயில் ஓடினார். தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் இந்தப் பக்கம் வந்தது. மூன்று நாள் அந்த மனிதர் சீற்றை விட்டு இறங்கவில்லை. ஆரிடமும் காசு வாங்கவில்லை. இது நான் கண்ணால் கண்டது."

அதுவும் மெய்தான். அந்த மூன்று நாளும் ஜெயரூபன் வானில் நின்றான். அந்த மூன்று நாளும் யார் எந்தப் பலகையில் என்று யாரும் பார்க்கவில்லை. நாலாம் நாள் வானைக் கழுவினார்கள். ஐந்தாம் நாள் எல்லாம் பழையபடி.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவருடைய வானில் எல்லோருக்கும் இடமிருந்தது."

கொஞ்சம் நிறுத்தினார். அந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொருமுறை சொன்னார்.

"எல்லோருக்கும் இடமிருந்தது."

பந்தலில் தலைகள் ஆடின. ஜெயரூபன் நிலத்தைப் பார்த்தான். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. பிறகு படலைப் பக்கம் பார்த்தான். சிவக்கொழுந்து தலையைச் சற்றே சரித்து, கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கால் மாற்றி நின்றார்.

மாஸ்டருக்கு மறந்திருக்கலாம். மழையில் ஒருமுறை மிதிபலகையில் நின்றதை யார் நாற்பது வருடம் நினைவில் வைத்திருப்பார்கள்? அவர் வாசித்தது ஜெயரூபனின் வரி. ஜெயரூபனின் கையெழுத்து.

குணலட்சுமி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"கீர்த்தி மெசேஜ் போட்டிருக்கிறாள். அழுறாளாம். அப்பப்பாவைப் பற்றி உவ்வளவு தெரியாதாம். தனக்குப் பெருமையா இருக்காம்."

அவன் தலையாட்டினான்.

"நன்றி சொல்லுங்கோ. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கையில் தந்தார்கள். அது கையில் வழுக்கியது. எண்பது கதிரைகளும் ஒரு பலகையும் அவனைப் பார்த்தன. தடியில் கட்டிய கைபேசி பார்த்தது.

"ஒரு விசயம் சொல்லவேணும்" என்றான்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. யாரோ கம்பியை அசைத்தார்கள். குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர், காதில் கையை வைத்துக் கேட்க ஆயத்தமானார். படலையடியில் சிவக்கொழுந்து பிரதீபாவின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அவன் ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"பந்தல் போட்டுத் தந்த டினேசுக்கு எங்கடை குடும்பத்தின்ரை நன்றி" என்றான். "நோட்டீஸ் அடிச்சுத் தந்த மினிபஸ் சங்கத்துக்கும் நன்றி. தூர இடத்திலையிருந்து வந்த எல்லாருக்கும் நன்றி. எட்டுச் சடங்குக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கும் எல்லாரும் வரவேணும்."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தான். அது யாருடைய கைக்குப் போனது என்று பார்க்கவில்லை.

*

பிரேத வண்டி வரவில்லை. டினேஸ் போனில் கதைத்துவிட்டு வந்தான்.

"கடவை பூட்டிக் கிடக்காம் அண்ணை. கொழும்பு ரயில் பிந்தி வருகுதாம். வண்டி அங்கால் நிக்குது."

"எவ்வளவு நேரம்?"

"பத்து, பதினைஞ்சு நிமிசம். ஐயாவுக்கு ரயிலோடை எப்பவும் சண்டைதானே. கடைசியிலும் விடேல்லை."

எழும்பியவர்கள் திரும்ப இருந்தார்கள். சோடா கொடுத்தார்கள். பெட்டிக்கு மேல் மொய்த்த ஈக்களைத் துரத்தியபடி ஒரு பெண் இருந்தாள். மேளகாரர் பீடி பற்றவைத்தார்கள். வெயில் ஏறியதில் பலகையில் இருந்தவர்கள் மாமர நிழலுக்குப் போய்விட, மாஸ்டர் மட்டும் அதன் நுனியில் சோடாப் போத்தலோடு இருந்தார். வளவில் வெயிலுக்குள் நின்றது இரண்டு பேர். இருவரும் படலையடியில்.

ஜெயரூபன் நடந்தான். கிரியை செய்கிறவன் பெட்டியை விட்டுப் போகக்கூடாது. குருக்கள் "தம்பி" என்று கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை. பந்தலைத் தாண்டி, கதிரைகளுக்கு நடுவால், சேறான காலோடு படலைக்குப் போனான்.

"அம்மா, வாங்கோ. வந்து இருங்கோ."

அவன் அவரை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல்.

"இருக்கட்டும் தம்பி. இப்ப எடுத்துப்போடுவினம்தானே."

"கடவை பூட்டிக் கிடக்கு. நேரமெடுக்கும். வெயிலுக்கை நிக்காதையுங்கோ."

"போங்கோவன் அம்மா. காலும் வீங்கிக் கிடக்கு" என்றாள் பிரதீபா. ஜெயரூபனை ஒருமுறை பார்த்தாள். நேற்று படிவம் எழுதும்போது பார்த்த அதே பார்வை. அவளுக்குத் தெரியுமா, தாய் சொல்லியிருப்பாரா என்று அவனால் பிடிக்க முடியவில்லை.

சிவக்கொழுந்து அவனுக்குப் பின்னால் வந்தார். படலையிலிருந்து பலகைக்கு இருபது அடி. கதை நின்றது. சோடாப் போத்தல்கள் வாயில் நின்றன. கூடத்து வாசலில் குணலட்சுமி தட்டத்தோடு நின்றாள். அவளுடைய முகத்தை அவன் பார்க்கவில்லை.

அவர்கள் வருவதை மாஸ்டர் கண்டார். போத்தலை நிலத்தில் வைத்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"கால் விறைச்சுப்போச்சு" என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார். மாமரத்தடிக்கு நடந்தார்.

முழுப் பலகையும் வெறுமையாகக் கிடந்தது. ரயில் கூவியது. சத்தம் வளவுக்குள் வந்து, தகரப் பந்தல் அதிர்ந்து, போனது. கடவை மணி நின்றது.

"இருங்கோ" என்றான் ஜெயரூபன்.

சிவக்கொழுந்து இருக்கவில்லை. குனிந்து, வழுவழுத்த நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்தார். தடவவில்லை. வைத்தபடி நின்றார்.

"கொப்பற்றை வான் பலகையோ?"

"ஓம்."

அவர் கையை எடுத்தார். நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்தார். கோபமில்லாமல், சந்தையில் விலை கேட்பது போலக் கேட்டார்.

"இது எத்தினையாம் பலகை தம்பி?"